மவுத் ராட் வந்த பால் பைத்தான்: பீட்டாடைன விட ஏசி ரிமோட்டுக்குத்தான் வேலை அதிகம்

மவுத் ராட்ங்கறது பாம்புக்கு ஈறு அழுகுற வாய்ப்புண்ணு. நோயாளி ஒரு பொண்ணு, பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்குற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை). வயசு நாலு கிட்ட, நல்லா இருந்தப்போ எடை 1,340 கிராம், இருக்குற இடம் வேளச்சேரில ஒரு அபார்ட்மெண்ட். வளக்குறது ஐடில நைட் ஷிஃப்ட் பாக்குற ஒரு தம்பி, பாம்பு வழியாத்தான் எனக்கு பழக்கம். நடந்தது கத்திரி வெயில் நேரம். வெயில் நேரம்ங்கறத இங்கயே அழுத்தி சொல்லிக்கறேன், இந்த கேஸோட முடிச்சே அதுலதான் இருக்கு.

முதல்ல அவன் சொன்னது வாய் பத்தியே இல்ல. "அண்ணா, ரெண்டு தடவை எலி வச்சேன், திரும்பி கூட பாக்கல"ன்னு மெசேஜ். பால் பைத்தான் வளக்குறவங்களுக்கு இது ஒரு சேதியே கிடையாது, சாப்பிடாம அடம் புடிக்கறதுக்குன்னே பேர் வாங்குன பாம்பு இது, நல்ல வெயிட்ல இருக்குற பெரிய பாம்பு மாசக்கணக்கா பட்டினி கெடந்துட்டு ஒரு நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து எலிய புடிச்சிக்கும். எடை போட்டு பாத்து சொல்லுடான்னேன். 1,210ன்னான். ரெண்டு வேளை சாப்பாடு விட்டதுக்கு இவ்ளோ எறங்கக்கூடாதே. அடுத்த மெசேஜ் இன்னும் உறுத்துச்சு, தண்ணி கிண்ணத்துல கொழகொழன்னு நூல் நூலா ஏதோ மிதக்குதாம். போட்டோ அனுப்ப சொன்னேன், கைய ஆட்டி எடுத்த போட்டோதான், ஆனா அதுலயே தெரிஞ்சுடுச்சு: வலது பக்கம் மேல் உதடு சரியா மூடல, ஓரத்துல எச்சில் குமிழ் ஒண்ணு.

நல்லா இருக்குற பாம்புக்கு ரெண்டு உதடும் இடைவெளி இல்லாம ஒட்டி நிக்கணும், நாக்கு வந்து போற சின்ன சந்து மட்டும் முன்னாடி தெரியும். எச்சில் வழியக் கூடாது. உள்ள திறந்து பாத்தா ஈறு வெளிர் ரோஸ் கலர், கிட்டத்தட்ட வெளுத்துப்போன மாதிரி இருக்கும், புதுசா பாக்குறவங்க அதயே ரத்தசோகைன்னு பயப்படுவாங்க, அது நார்மல். நேர்ல போய் திறந்து பாத்தப்போ இடது பக்கம் அப்படித்தான் இருந்துச்சு. வலது பக்கம் முன் ஈறுல குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிங்க, அதுக்கு கொஞ்சம் பின்னால ரெண்டு எடத்துல வெள்ளையும் மஞ்சளுமா பன்னீர் துருவல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நாத்தம் வேற. டாக்டருங்க இத இன்ஃபெக்ஷியஸ் ஸ்டொமடைட்டிஸ்ம்பாங்க, வளக்குறவங்க வாயில மவுத் ராட்.

அந்த துருவல் என்னன்னு புரிஞ்சிக்கிட்டாதான் வைத்தியம் புரியும். நமக்கு சீழ் புடிச்சா ஒழுகும், அழுத்துனா வந்துடும். பாம்புக்கு அப்படி இல்ல, சீழை கரைச்சு தண்ணியாக்குற என்சைம் நம்ம வெள்ளை அணுக்கள்ல இருக்குற மாதிரி அதோட அணுக்கள்ல இல்ல, அதனால சீழ் கெட்டியா கட்டியா அங்கயே உக்காந்துடும். ரத்தம் வழியா போற மருந்து அந்த கட்டிக்குள்ள நுழையாது. மேல தடவுற மருந்தும் மேலயே நிக்கும். அதனால ஊசி மட்டும் போட்டா போதும்ங்கறதும் தப்பு, வாய மட்டும் கழுவுனா போதும்ங்கறதும் தப்பு. நிறைய பேர் ரெண்டாவது தப்பதான் பண்றாங்க, ஏன்னா பீட்டாடைன் தெருமுனை மெடிக்கல்ல கெடைக்குது.

ஒரு விஷயம், வெள்ளையா எத பாத்தாலும் சீழ்னு முடிவு பண்ணிடாதீங்க. கோகோ ஹஸ்க் போட்டு வளக்குற பாம்புக்கு தேங்கா நார் துணுக்கு ஈறுல மாட்டும், எலி முடி பல்லுல சிக்கிக்கிட்டு நிக்கும். ஈரமான பட்ஸால லேசா தொட்டா வந்துடும், வந்த எடத்துல ஈறும் சுத்தமா இருக்கும். இங்க தொட்டா வரல, சுத்தி சிவந்து வீங்கி இருந்துச்சு.

சரி, எப்படி வந்துச்சு? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே பாதி பதில் அந்த ரூம்லயே கெடைச்சுது. வெளிய மண்டைய பொளக்குற வெயில், ரூம் கதவ திறந்தா ஊட்டி. நைட் ஷிஃப்ட்காரன், பகல் பூரா ஸ்க்ரீன போட்டு ஏசிய 20ல வச்சு தூங்குவான், பாம்பு இருக்குற கண்ணாடி டேங்க் அதே ரூம்ல. டேங்க் தரைய சூடாக்குற ஹீட் மேட் இருக்கு, பிளக்க புடுங்கி சுருட்டி மேல வச்சிருக்கான். கேட்டா, "சென்னை வெயிலுக்கு ஹீட்டர் போடுவாங்களாண்ணா?" இத அவன் மட்டும் கேக்கல, இந்த ஊர்ல பாம்பு வளக்குற பாதி பேர் கேக்குற கேள்வி இது. சென்னையோட வெயில் உங்க டேங்க்குக்குள்ள இல்ல சார், உங்க ஏசி காத்துதான் இருக்கு.

அவன்கிட்ட தெர்மாமீட்டரும் இருந்துச்சு, வட்டமா முள்ளு வச்சது, கண்ணாடில உச்சில பல்பு பக்கத்துல ஒட்டியிருந்தான், அது 29 காட்டுச்சு. பாம்பு என்ன உச்சிலயா படுத்துருக்கு? ப்ரோப் (சென்சார் ஒயர்) வச்ச டிஜிட்டல் மீட்டர தரைல, அது சுருண்டு படுக்குற ஹைட் (ஒளிஞ்சிக்கற பெட்டி) உள்ள வச்சுட்டு மறுநாள் பாத்தா குறைஞ்சது 21.8, அதிகபட்சம் 25. பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்கா புல்வெளிக்காரன், கானா, டோகோ, பெனின் பக்கமெல்லாம் எலி வளைலயும் கரையான் புத்துலயும் கெடக்குற பாம்பு. அதுக்கு சூடான பக்கம் தரை 31லருந்து 33 டிகிரி, குளிர்ச்சியான பக்கம் 25லருந்து 27 வேணும். இங்க எவ்ளோ ஏறுனாலும் அதோட குளிர்ச்சிப் பக்க அளவத் தாண்டவே இல்ல.

குளிர்ச்சிக்கும் வாய்ப்புண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. பாம்போட உடம்பு சூட்ட அதுவா தயாரிக்க முடியாது, வெளியில இருந்து வாங்கித்தான் ஜீரணம், நோய் எதிர்ப்பு எல்லாமே ஓடுது. நமக்கு காய்ச்சல் தானா வரும், பாம்பு காய்ச்சல தேடிப் போய் வாங்கிக்கும், கிருமி உள்ள வந்தா வழக்கத்த விட சூடான எடமா பாத்து படுக்கும். அந்த எடமே இல்லன்னா? சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், க்ளெப்சியெல்லான்னு இந்த பாக்டீரியா எல்லாம் எங்கேயோ வெளியில இருந்து வர்ற எதிரிங்க இல்ல, நல்லா இருக்குற பாம்போட வாய்லயே சாதாரணமா குடியிருக்கறதுங்க. உடம்பு தெம்பா இருக்குற வரைக்கும் அடங்கி இருக்கும், தெம்பு கொறைஞ்சு ஈறுல ஒரு கீறலும் விழுந்தா போதும்.

கீறல் எங்கருந்து வந்துச்சுங்கறது மூடிய பாத்தப்போ தெரிஞ்சுது. டேங்க் மூடி இரும்பு வலை, ஒரு மூலைல வலைல காஞ்ச ரத்தக் கறை, பாம்போட மூக்கு நுனி செதில் தேஞ்சு போயிருந்துச்சு. சூடு தேடி ராத்திரி பூரா (அவன் ஆபீஸ்ல இருக்குற நேரம்) மூக்க வலைல தேச்சுக்கிட்டே சுத்தியிருக்கு. அதோட ஏசி காத்துல ஈரப்பதம் 38 சதவீதத்துக்கு எறங்கி கெடந்துச்சு, இந்த பாம்புக்கு 60 கிட்ட இருக்கணும், போன தடவை சட்டை துண்டு துண்டா உரிஞ்சு உதட்டு ஓரத்துல ஒட்டுனது அப்படியே இருந்துச்சு. உண்ணி இருக்கான்னும் பாத்தோம், பாம்பு மைட்ஸ் ஏரோமோனாஸ ஒரு பாம்புலருந்து இன்னொண்ணுக்கு கடத்தும், தாடைக்கு அடியில இருக்குற மடிப்பு, கண்ணு ஓரம், தண்ணி கிண்ணத்து அடினு எங்கயும் கருப்பு புள்ளி இல்ல. அது ஒண்ணுதான் நல்ல சேதி.

டாக்டர்கிட்ட போக அவன் தயங்குனான், காரணம் காசு இல்ல, பேப்பர். இதையும் ரெண்டு வரி சொல்லியாகணும். 2022ல வன உயிர் பாதுகாப்பு சட்டத்த திருத்துனாங்க, 2023 ஏப்ரல் 1லருந்து அமல், சைட்டிஸ் (காட்டு உயிர்கள வாங்கி விக்கறத கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்குற வெளிநாட்டு பிராணிங்களும் அதுக்குள்ள வந்துடுச்சு, பால் பைத்தான் சைட்டிஸ் ரெண்டாவது பட்டியல். 2024ல மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ண ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. இவன் பதிவு பண்ணியிருந்தான், இருந்தாலும் எதுக்கு வம்புன்னு ஒரு பயம். அந்த பயத்துல எத்தனையோ பாம்பு வீட்டுலயே அழுகி செத்துருக்கு. இன்னொண்ணு, இதெல்லாம் பாத்துட்டு வயல்ல அடிபட்டு கெடக்குற மலைப்பாம்ப தூக்கிட்டு வந்து வைத்தியம் பாக்கறேன்னு யாரும் கெளம்பிடாதீங்க, நம்ம நாட்டு பாம்ப வீட்டுல வைக்கறது குத்தம், வனத்துறைக்கு போன் போடறதோட நம்ம வேலை முடிஞ்சுது.

பாம்பு மாதிரி எக்ஸாட்டிக் பிராணிங்கள பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்ககிட்ட போனோம். தலையணை உறைக்குள்ள பாம்பு, அத பிளாஸ்டிக் டப்பால வச்சு, காருல ஏசிய அணைச்சுட்டு போனோம், டிரைவர் கடுப்பானது வேற கதை. அவங்க முதல்ல எடை போட்டாங்க, அப்புறம் மூச்சு சத்தம் கேட்டாங்க, ஏன்னா வாய்ல இருக்குற சீழும் கோழையும் மூச்சுக்குழல்ல எறங்குனா நிமோனியா. எக்ஸ்ரே எடுத்தாங்க, தாடை எலும்புக்குள்ள போயிருந்தா வைத்தியம் மாசக்கணக்குல இழுக்கும், நல்லவேளை எலும்பு சுத்தமா இருந்துச்சு. மருந்து எதுவும் வைக்கறதுக்கு முன்னாடி புண்ணுலருந்து ஸ்வாப் (குச்சில தொட்டு எடுக்குற சாம்பிள்) எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமிய லேப்ல வளத்து பாக்குற டெஸ்டுக்கு அனுப்புனாங்க. இந்த வரிசை முக்கியம். வீட்டுல ஏற்கனவே கண்ட ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டு போய் நின்னா கல்ச்சர்ல சரியா ஒண்ணும் வளராது, எந்த மருந்து கேக்கும்னும் தெரியாது. அப்புறம் தானா வர்ற அளவுக்கு மட்டும் துருவல எடுத்துட்டு முதல் ஊசி போட்டாங்க.

கல்ச்சர் ரிசல்ட் வந்தப்போ சூடோமோனாஸ் ஏருஜினோசா. செஃப்டாஸிடைம், அமிகாசின்னு ரெண்டு ஆன்டிபயாட்டிக்குக்கும் கேக்கும்னு இருந்துச்சு. செஃப்டாஸிடைம் தான் டாக்டரம்மா முதல் நாளே ஆரம்பிச்சது, கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இவளுக்கு கிட்டத்தட்ட 24 மில்லிகிராம் வந்துச்சு. மூணு நாளைக்கு ஒரு ஊசியான்னு ஆச்சரியப்படுவீங்க, பாம்பு உடம்புல மருந்து அவ்ளோ மெதுவா வெளியேறும். அந்த கணக்கும் 30 டிகிரி கிட்ட வச்சிருக்குற பாம்புக்கு சொன்ன கணக்கு, 22 டிகிரில கெடக்குற பாம்புக்கு இல்ல. அமிகாசின் கிட்னிய பாதிக்கும், தண்ணிச்சத்து கொறைஞ்ச பாம்புக்கு இன்னும் ஆபத்து, அதனால அத தள்ளி வச்சாங்க. பெட் ஷாப்புல சொல்லிக்குடுக்குற என்ரோஃப்ளாக்ஸசின் ஊசி குத்துன எடத்துல சதைய அரிச்சு செதில் கருத்து உதிரும், ரொம்ப எரியுற மருந்து அது. இந்த நம்பர்லாம் இந்த கேஸ்ல டாக்டர் எழுதுனது, உங்க பாம்புக்கு உங்க டாக்டர் எழுதட்டும்.

இப்போ வீட்டு வேலை. முதல் வேலை வாய் இல்ல, ரூம். டேங்க ஏசி ரூம்லருந்து தூக்கணும்னேன். மிச்சம் இருந்தது பூஜை அலமாரி இருக்குற சின்ன ரூம்தான், அவங்கம்மா ஒத்துக்கல, பாம்ப புத்துல வச்சு பால் ஊத்துறதுக்கு ஆட்சேபணை இல்லாதவங்க பூஜை ரூம்ல வைக்கறதுக்கு அவ்ளோ ஆட்சேபணை பண்ணாங்க. கடைசில ஹால் ஓரத்துல பீரோ பக்கத்துல எடம் கெடைச்சுது. ஹீட் மேட்ட தெர்மோஸ்டாட் (சூடு அளவு தாண்டாம கட்டுப்படுத்துற கருவி) வழியா போட்டு, ப்ரோப்ப மேட் மேலயே வச்சு, சூடான பக்கம் 32, நோய் நேரம்ங்கறதால குளிர்ச்சி பக்கமும் வழக்கத்த விட கூட்டி 28க்கு கீழ எறங்காம, ராத்திரி பகல் வித்தியாசம் இல்லாம வச்சோம். தெர்மோஸ்டாட் இல்லாம ஹீட் மேட் போடாதீங்க, சுடறது தெரியாம அது மேலயே படுத்து வயித்த வேக வச்சிக்கும். கரண்ட் போனா என்னங்கறதுக்கும் ஏற்பாடு வேணும், அந்த வாரமே ஒரு ராத்திரி போச்சு, தண்ணி பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துண்டுல சுத்தி டேங்க்குக்குள்ள ஓரத்துல வச்சு சமாளிச்சான்.

கோகோ ஹஸ்க மொத்தமா அள்ளி போட்டுட்டு நியூஸ்பேப்பர் விரிச்சோம், புண்ணுல நார் ஒட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் ஹைட், ஒண்ணுல ஈரமான பாசி. தண்ணி கிண்ணம் தினமும் வெந்நீர்ல கழுவி புது தண்ணி. வலை மூடிய கழட்டிட்டு வழவழன்னு இருக்குற அக்ரிலிக் பலகைல ஓட்டை போட்டு போட்டோம்.

அப்புறம்தான் வாய். மருந்துக்கடைல பீட்டாடைன்னு கேட்டா நாலு விதமா குடுப்பான், கவனமா பாத்து வாங்குங்க. ஸ்க்ரப்னு எழுதியிருக்கறதுல சோப்பு இருக்கு, வாய்க்கு ஆகாது. கார்கிள்னு வர்றதுல புதினா வாசனையெல்லாம் சேத்துருப்பான், அதுவும் வேணாம். 10 சதவீத சொல்யூஷன் வாங்கி அதுல 1 மில்லிக்கு 10 மில்லி சலைன் ஊத்தி கலந்தோம், ஒவ்வொரு தடவையும் புதுசா கலக்கணும். குளோர்ஹெக்சிடினும் போடலாம், அது இன்னும் ரொம்ப நீர்த்து 0.05 சதவீதம் அளவுக்கு கலக்கணும், ஆனா ஏதாவது ஒண்ணு, ரெண்டையும் மாத்தி மாத்தி போடாதீங்கன்னாங்க டாக்டர்.

வாய் திறக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும், ஒத்தையா செய்ய முடியும்னு வீடியோ போடறவங்கள நம்பாதீங்க. ஒருத்தர் உடம்ப முழுசா தாங்கி புடிக்கணும், தொங்க விட்டா பயந்து முறுக்கும். இன்னொருத்தர் தலைக்கு பின்னாடி ரெண்டு விரலால லேசா புடிச்சு, காலாவதியான ஏடிஎம் கார்டுல காஸ் துணி சுத்தி, பக்கவாட்டுல இல்லாம முன்னாடி நாக்கு சந்து வழியா மெதுவா உள்ள விட்டா வாய் திறக்கும். இரும்பு ஸ்பூன், ஐஸ் குச்சி எதுவும் வேணாம், பல் உடையும். பால் பைத்தானுக்கு மேல நாலு வரிசை, கீழ ரெண்டு வரிசை பல்லு, எல்லாம் பின்னால சாஞ்சு இருக்கும், பஞ்சு பட்ஸ் அதுல மாட்டி இழை இழையா உரிஞ்சு உள்ளயே நிக்கும், அதுவே புது பிரச்சனை. அதனால காஸ் துணி சுத்துன குச்சி, இல்லனா ஊசி இல்லாத சிரிஞ்சுல மருந்த எடுத்து பீச்சறது.

பீச்சும்போது ஒண்ண மறக்கக் கூடாது, தலை கீழ் நோக்கி சாஞ்சு இருக்கணும். கீழ் தாடைல நாக்கு உறைக்கு நேர் பின்னாடி சின்னதா ஒரு குழாய் வாய் திறந்து திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழல் வாசல். நம்மள மாதிரி தொண்டைக்குள்ள ஆழத்துல இல்ல, முன்னாடியே இருக்கு. அதுல மருந்து எறங்குனா வாய்ப்புண்ணு குணமாகி நிமோனியால செத்துடும். முன்னாடிலருந்து பின்னாடி பீச்சாம, பக்கத்துலருந்து குறுக்கால பீச்சி வெளிய வழிய விடணும். கழுவுனதுக்கு அப்புறம் துருவல் தானா ஆடுனா எடுங்க, ஆடலன்னா விட்டுடுங்க, பிச்சு எடுத்தா ரத்தம் வந்து புது கீறல்ல கிருமி ஏறும். தினமும் ஊற ஊற அதுவா லூஸாகும். கடைசியா சில்வர் சல்ஃபாடையஸின் க்ரீம் ரொம்ப மெலிசா. மொத்தமே அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடணும், அதுக்கு மேல இழுத்தா அதுக்கு வர்ற டென்ஷனே எதிர்ப்பு சக்திய கெடுக்கும். ஆரம்பத்துல தினமும், ஈறு சிவப்பு கொறைய ஆரம்பிச்சதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

க்ளவுஸ் போடுங்க. பாம்புங்க சால்மொனெல்லாவ சாதாரணமாவே சுமந்துக்கிட்டு திரியும், கழுவுன தண்ணிய கிச்சன் சிங்க்ல ஊத்தாதீங்க, அஞ்சு வயசுக்கு கீழ குழந்தைங்க இருக்குற வீட்டுல இன்னும் உஷாரா இருங்க.

ஊசிய டாக்டரம்மாவே ஒவ்வொரு டோஸா சிரிஞ்சுல ஏத்தி, ஃப்ரீசர்ல வைக்க சொல்லி குடுத்தாங்க, ஐஸ்கிரீம் டப்பா பக்கத்துல சிரிஞ்ச பாத்து அவங்கம்மா போட்ட சத்தம் கீழ் வீட்டு வரைக்கும் கேட்டுருக்கும். மூடி போட்ட டிபன் பாக்ஸ்ல வச்சு மேல எழுதி ஒட்டுனதும்தான் அடங்குனாங்க. போடும்போது கைல வச்சு கரைச்சு, உடம்போட முன் மூணுல ஒரு பங்குல முதுகெலும்புக்கு பக்கத்து சதைல, செதிலுக்கு நடுவுல சாச்சு குத்தணும், ஒரு தடவை இடது ஒரு தடவை வலது. பின் பாதில குத்துனா அங்கத்து ரத்தம் கிட்னி வழியா போற அமைப்பு பாம்புக்கு இருக்கறதால மருந்து வேலை செய்யறதுக்கு முன்னாடியே வெளியேறலாம், கிட்னிக்கும் நல்லதில்லன்னு சொல்லுவாங்க. அந்த தம்பிக்கு கை நடுங்குச்சு, முதல் ரெண்டு ஊசி க்ளினிக்லயே போட்டு பாத்து கத்துக்கிட்டான்.

இதுக்கு நடுவுல ஆலோசனைங்க வந்து குவிஞ்சுது. அவங்கம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு வச்சுட்டாங்க, பாசத்துலதான், ஆனா அந்த விழுது ஈறுல அப்பி மூச்சுக்குழல அடைக்கும், புண்ணு தெரியாம மஞ்சளா மறைச்சுடும், சிவப்பு கொறையுதா கூடுதான்னு பாக்கவே முடியாது. பாம்பு வளக்குறவங்க குரூப்ல ஒருத்தர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்த சொன்னார், நுரை வர்றத பாத்து வேலை செய்யுதுன்னு நெனைக்கிறாங்க, கிருமியோட சேத்து புதுசா வளர்ற நல்ல திசுவையும் எரிக்கும். லிஸ்டரின் இன்னொருத்தர். அது வெளிநாட்டுல அந்த காலத்து ஆளுங்க நிஜமாவே போட்டுக்கிட்டு இருந்ததுதான், ஆல்கஹால் எரிச்சல்னு இப்போ டாக்டருங்க யாரும் சொல்றதில்ல. தேன் தடவலாமான்னு கேட்ட ஒரு பையனுக்கு மட்டும் பொறுமையா பதில் சொன்னேன், வாய்க்குள்ள நிக்காதுப்பா.

நடுவுல ஒரு நாள் அவன் பதறிக்கிட்டு போன் பண்ணான், "அண்ணா பல்லு விழுந்துடுச்சு, முன்ன விட மோசமா இருக்கு." ஊறுன துருவல் கட்டி ஒண்ணு மொத்தமா கழண்டு, கூடவே ரெண்டு பல்லு வந்துருக்கு, அடியில குழி மாதிரி சிவப்பா தெரிஞ்சுது. பாக்க பயங்கரமாத்தான் இருக்கும், ஆனா அழுக்கு மூடி இருந்த குழிய விட திறந்த சிவப்பு குழி எவ்வளவோ மேல், இப்பத்தான் மருந்து எறங்கும். பல்லு பத்தி கவலையே வேணாம், பாம்புக்கு ஆயுசு பூரா பல்லு விழுந்து மொளைச்சுக்கிட்டே இருக்கும். பயப்பட வேண்டியது வேற: தாடை ஒரு பக்கம் வீங்கி மொகம் கோணறது, வாய திறந்து மூச்சு விடறது, மூக்குல குமிழ், ஒரு கண்ணு மட்டும் பொங்கி வெளிய தள்ளறது (கண்ணுலருந்து வாய்க்கு வர்ற குழாய் அடைச்சா அப்படி ஆகும்), வயித்து செதில் சிவப்பாகறது. கடைசி சொன்னது ரத்தத்துல கிருமி கலந்துடுச்சுங்கறதுக்கு அடையாளம், அப்போ பீட்டாடைன் கலந்துக்கிட்டு உக்காராதீங்க, ஓடுங்க.

சாப்பாடு இந்த நேரத்துல வைக்கவே இல்ல. வாய் வலிக்குற பாம்புக்கு முன்னாடி எலிய ஆட்டறது கொடுமை, வாய்ல திணிக்கறது அதுக்கு மேல கொடுமை, புண்ணு கிழியும். தண்ணிதான் முக்கியம், 30 டிகிரி தண்ணில வயிறு நனையுற ஆழத்துக்கு கொஞ்ச நேரம் விட்டோம், வாய் கழுவறதுக்கு முன்னாடி. எடை 1,170 வரைக்கும் எறங்கி அங்கயே நின்னுச்சு, நின்னதே நல்ல அடையாளம்.

டேங்க் சூடான மூணாவது நாளே அது சூடான பக்கத்து ஹைட்ட விட்டு நகராம கெடந்துச்சு, அது தேடுன காய்ச்சல் கெடைச்சுடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டாவது வாரம் வாக்குல எச்சில் நின்னுச்சு, ரத்தப் புள்ளி மங்குச்சு, குழி ஓரத்துலருந்து ரோஸ் கலர்ல மூடிக்கிட்டே வந்துச்சு. ஒரு பாட்டில் பீட்டாடைன்ல கால் வாசி கூட தீரல. இதே பீட்டாடைன இதே மாதிரி, ஊசியும் சேத்து, அந்த 22 டிகிரி ரூம்லயே போட்டிருந்தா இது ஆறியிருக்கும்னு நான் நம்பல, குளிர்ல வச்சு மாசக்கணக்கா மருந்து போட்டும் தேறாத பாம்புங்கள பாத்துருக்கேன். அவன் இப்பவும் மத்தவங்களுக்கு பீட்டாடைன் அளவைத்தான் ஃபார்வர்ட் பண்றான், தெர்மாமீட்டர் போட்டோவ அனுப்புடான்னா அது போரடிக்குதாம்.

அப்போ டாக்டரே இல்லாம வீட்டுலயே பாக்க முடியுமான்னா, ஈறு ஓரம் லேசா சிவந்து, சீழ் இல்லாம, பாம்பு சுறுசுறுப்பா இருக்கும்போது சூட்டையும் ஈரப்பதத்தையும் சரி பண்ணி ரெண்டு மூணு நாள் கழுவிப் பாக்கறதுல தப்பில்ல, நிறைய கேஸ் அதோட நிக்கும். வெள்ளையா ஒரு புள்ளி கெட்டியா உக்காந்துடுச்சுன்னா அந்த கட்டம் தாண்டிடுச்சு, ஸ்வாபும் ஊசியும் இல்லாம முடியாது.

ஊசி கோர்ஸ் முடிஞ்சு, வாய் முழுசா மூடி, அதுக்கப்புறமும் ஒரு வாரம் போல விட்டுத்தான் எலி வச்சோம், ஃப்ரீசர்லருந்து எடுத்து சூடு பண்ணது, வழக்கமா குடுக்குறதுல பாதி சைஸ். முதல் தடவை மோந்துட்டு போயிடுச்சு, அடுத்த தடவை புடிச்சிக்கிச்சு, அந்த வீடியோவ அவன் எனக்கு அனுப்புன நேரம் விடிகாலை. அடுத்த சட்டை ஒரே துண்டா உரிஞ்சுது. வலது மேல் உதட்டுல ஒரு செதில் கோணலாத்தான் இருக்கு, அது அப்படியேதான் இருக்கும்னாங்க டாக்டரம்மா. எடை 1,300 தாண்டிடுச்சு. ஏசி ரிமோட் அவன்கிட்டயேதான் இருக்கு, டேங்க் ஹால்லயேதான் இருக்கு.

இப்போ அவனுக்கு ஜோடிக்கு ஒரு ஆண் வாங்கணும்னு ஆசை. ஆறு மாசம் பொறுடான்னு சொல்லி வச்சிருக்கேன். சூடு, ஈரம் எல்லாம் சரியா இருந்தும் மறுபடி வாய்ல கோழை கட்டுனா அது வெறும் மவுத் ராட் இல்ல, 2014லருந்து பால் பைத்தான்கள்ல பேசப்படுற செர்பெண்டோ வைரஸ், முன்ன நிடோவைரஸ்னு சொன்னது, அதோட வேலையா இருக்கலாம், அதுலயும் இதே மாதிரி வாய்ல கோழையும் சிவப்பும்தான் முதல்ல தெரியும், ஊசிக்கு கேக்காது, கூட இருக்குற பாம்புக்கும் பரவும். அது இல்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் அந்த ஹால்ல ரெண்டாவது டேங்க் கெடையாது, அவங்கம்மாவும் என் கட்சி.